முன் சக்கரம் சுற்றாத ஜீப்

"ஃபோர் வீல் எப்பப் போடணும், எப்பப் போடக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று வக்கீல் கேட்டார்.

முன் சக்கரத்தையும் எஞ்சினோடு இணைக்கிற லீவரைப் பற்றி, நெய்வேலிச் சுரங்கத்துக்குள் இருபத்திரண்டு வருஷம் ஜீப் ஓட்டிய ஆளிடம் கேட்கிற கேள்வியா இது? நிஜாமுதீனுக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால்கூடப் புண்ணியமாகப் போயிருக்கும். பாவி மனுஷன், பதில் சொன்னார். அதுவும் அக்கறையாக, நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே மாடி அறை. அதுதான் காண்ட்ராக்டர் தெய்வசிகாமணியின் ஆபீஸ். சுரங்கத்துக்குள் பம்ப் ஆட்களை ஏற்றி இறக்க நாலு ஜீப் விட்டிருந்தார். அதில் ஒன்றை ஓட்டுகிறவர் நிஜாமுதீன். ஐப்பசி மழையில் ஒரு காலை ஷிப்டில் அந்த ஜீப் களிமண் சரிவில் பின்னோக்கி வழுக்கி, வாய்க்காலில் கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பம்ப் ஆபரேட்டர் சிவசங்கருக்கு இடது கால் கதவுக்கும் வாய்க்காலில் கிடந்த பம்ப் குழாய்க்கும் நடுவே மாட்டி நசுங்கி, முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாற்பது நாள் கழித்து, தெய்வசிகாமணி வெளியூரிலிருந்து ஒரு வக்கீலைக் கூட்டி வந்து இந்த விசாரணையை வைத்திருக்கிறார். தப்பு டிரைவர் மேல் என்று எழுதிவிட்டால் நிஜாமுதீனின் கேட் பாஸ் போய்விடும். பாஸ் இல்லாதவனுக்குச் சுரங்கத்தில் எந்தக் காண்ட்ராக்டரும் வண்டிச் சாவியைத் தர மாட்டான். ஐம்பது வயதில், வேறு எந்தத் தொழிலும் தெரியாதவர், அப்புறம் மந்தாரக்குப்பத்தில் என்ன செய்வார்?

"ஒப்புக்கு ஒரு விசாரணை, பாய். பயப்படாத, நான் இருக்கேன்" என்று தெய்வசிகாமணி முந்தின நாள் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் நிஜாமுதீன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"தார் ரோட்டுல போடவே கூடாதுங்க" என்று ஆரம்பித்தார். "காஞ்ச தார்னா சுத்தமா ஆவாது. வளைவுல முன் சக்கரம் போற தூரம் வேற, பின் சக்கரம் போற தூரம் வேற. ஃபோர் வீல் போட்டா ரெண்டையும் ஒண்ணாக் கட்டிப் போட்டுடறோம். சேறா இருந்தா சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதச் சரி பண்ணிக்கும். தார் வழுக்க வுடாது. ஸ்டீரிங் இறுகும், டயர் கத்தும், கடைசில கியர் பெட்டி திருகிகினு ஒடையும்."

"மழை பெய்த தார்?"

"அதுக்கும் வாணாங்க. மெதுவாப் போனா போதும். ஆர்ச் கேட்டுலேந்து மைன்ஸ் செக்போஸ்ட் வரைக்கும் ரெண்டு சக்கரம்தான். ஜல்லி, சரளைல வழுக்கினா ஃபோர் வீல் போடலாம். ஆனா களிமண்ணுக்கு எறங்கறதுக்கு முன்னாடியே போட்டுடணும். பொதஞ்சப்புறம் போடறது, வயிறு கெட்டப்புறம் பத்தியம் இருக்கற மாதிரிதான்."

"சரிவு?"

"ஈரக் களிமண்ணுச் சரிவுன்னா லோ கியர் ஃபோர் வீல்ங்க. வண்டிய நிறுத்திட்டுதான் போடணும். எறங்கும்போது பிரேக்க மிதிக்கக் கூடாது, எஞ்சினே புடிச்சிக்கும். ஏறும்போது நடுவுல நிக்கக் கூடாது. திரும்பி தாருக்கு வந்ததும் மறக்காம எடுத்துடணும். சில நேரம் லீவர் இறுகிக்கினு வராது. முரட்டுத்தனமா இழுக்கக் கூடாதுங்க. பத்தடி ரிவர்ஸ் போனா தானா வுட்டுடும்."

வக்கீல் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். நல்ல மாணவனைப் பார்க்கிற வாத்தியார் போலத் தலையை ஆட்டினார். நிஜாமுதீனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அட, அந்தப் பெருமைதான் அந்த மனுஷனுக்கு எப்போதுமே எமன்.

"அன்னைக்கு அந்தச் சரிவு எப்படி இருந்தது?"

"ரெண்டு நாள் மழைங்க. வெண்ணெய் மாதிரி களிமண்ணு."

"அப்ப நீங்க சொன்ன கணக்குப்படி, லோவில் ஃபோர் வீல் போட்டிருக்கணும்."

"ஆமாங்க."

"போட்டீங்களா?"

"போட்டேங்க."

போட்டார். அது சத்தியம். குட்டி லீவரை இழுத்தார், மீட்டருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் முன் சக்கரம் சுற்றாது என்று அவருக்குத் தெரியும். எஞ்சினின் பலத்தை முன் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற இரும்புத் தண்டு, முன் ஷாஃப்ட் என்பார்கள், அது வண்டியிலேயே இல்லை. விளக்கு என்ன, சுவிட்சைத் தட்டினால் எரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் தைரியமாக இருக்கட்டும் என்றுதான் அவர் தினமும் அந்த லீவரை இழுத்துக்கொண்டிருந்தார்.

ஷாஃப்ட் எப்படிப் போயிற்று என்று கேளுங்கள். அதற்கும் காரணம் நிஜாமுதீனின் வாய்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? போன மாசி மாதம், புதிதாக வந்த டிரைவர் ஒருத்தன் தார் ரோட்டிலேயே ஃபோர் வீல் போட்டு ஓட்டி ஒரு ஜீப்பின் கியர் பெட்டியை உடைத்துவிட்டான். நிஜாமுதீன் நேராகத் தெய்வசிகாமணியிடம் போய், இப்போது வக்கீலிடம் சொன்னாரே, அதையெல்லாம் அன்றைக்கும் அழகாக எடுத்துச் சொன்னார். டிரைவர்களைக் கூப்பிட்டு ஒருநாள் சொல்லிக் கொடுக்கலாம் என்றார். தெய்வசிகாமணி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இவனுங்களுக்குச் சொல்லிக் குடுத்து எந்தக் காலத்துல வெளங்கறது, பாய்? நாலு வண்டிலயும் ஷாஃப்ட்டையே கழட்டிடு. டீசலும் கம்மியாவும்."

வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற வண்டிப் பரிசோதனை தை மாதமே முடிந்திருந்தது. மேஸ்திரி மாடசாமி வண்டிக்கு அடியில் படுத்துப் போல்ட்டைக் கழற்ற, ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தது நிஜாமுதீன்தான். கோடைதானே, சரிவெல்லாம் சிமெண்ட் மாதிரி காய்ந்து கிடக்கிறதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கழற்றிய நாலு ஷாஃப்டையும் எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது.

"ஷெட்டுல போட்டா ஒரே வாரத்துல பழைய இரும்புக் கடைக்குப் போயிடும். உன் வூட்டுல இருக்கட்டும், பாய். உன்ன வுட்டா நான் யார நம்புவேன்?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாலையும் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் வீட்டுக் கொல்லையில், கோழிக் கூண்டுக்கு அடியில் அடுக்கி வைத்தார். எழுத்து இல்லை, சீட்டு இல்லை. நம்பிக்கைக்குச் சீட்டு எதற்கு?

மழை ஆரம்பித்ததும் நிஜாமுதீன் கேட்கத்தான் செய்தார். "ஷாஃப்ட்ட மாட்டிடலாங்க, மொதலாளி." தீபாவளி போகட்டும் என்றார் தெய்வசிகாமணி. இன்னொரு முறை கேட்டபோது, "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் பாய் நீ. ரெண்டு சக்கரத்துலயே மலை ஏத்துவ" என்றார். அந்த ஐப்பசிக் காலையில், ஷிப்ட் ஆட்கள் ஏறி உட்கார்ந்த பிறகு, நிஜாமுதீன் போன் போட்டு, "இன்னைக்கு வண்டி எறக்க முடியாதுங்க" என்று சொல்லத்தான் செய்தார். "அப்ப வேற டிரைவர அனுப்பறேன். நீ வூட்டுல ரெஸ்ட் எடு" என்று பதில் வந்தது. நிஜாமுதீன் வண்டியை எடுத்தார். இறங்குவது எப்படியோ இறங்கிவிட்டது. ஏறும்போது எஞ்சினில் பலம் இருந்தது, சக்கரத்தில் பிடி இல்லை.

இதெல்லாம் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். ஆஸ்பத்திரியில், விலா எலும்பு நோவ நிஜாமுதீன் படுத்திருந்தபோது தெய்வசிகாமணி வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். "ஷாஃப்ட் இல்லன்னு வெளிய தெரிஞ்சா இன்ஷூரன்ஸ்காரன் கைய விரிச்சுடுவான். சிவசங்கருக்குத்தான் நஷ்டம். அந்தப் புள்ளைக்காகவாவது வாயத் திறக்காத, பாய்" என்றார். சிவசங்கருக்குப் போன காலை நினைத்து நிஜாமுதீன் வாயை மூடிக்கொண்டார். திறக்கக் கூடாத இடத்தில் திறந்து, திறக்க வேண்டிய இடத்தில் மூடுகிற வாய் அது.

"போட்டேன்னு சொல்றீங்க. சாட்சியக் கேட்போம்" என்றார் வக்கீல்.

சிவசங்கர் ஊன்றுகோலோடு உள்ளே வந்தான். பக்கத்து வடக்குத்து கிராமத்து ஆள், முப்பத்திரண்டு வயது. ஒரு பக்கம் பேண்ட் மடித்துக் குத்தியிருந்தது. படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. நிஜாமுதீன் சட்டென்று எழுந்து தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவன் உட்காரவில்லை, சுவரில் சாய்ந்து நின்றான்.

"டிரைவர் அன்னைக்கு ஃபோர் வீல் லீவரைப் போட்டாரா?"

சிவசங்கர் தரையைப் பார்த்தான். "போடலங்க."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பக்கத்துலதான் இருந்தேன். பாட்டு கேட்டுகினு ஓட்டினாரு. போடல."

"சிவா" என்றார் நிஜாமுதீன். "விளக்கு எரிஞ்சதே, நீதானடா பார்த்துட்டு, 'பாய் போட்டுட்டாரு, இனி கவல இல்ல'ன்னு பின்னாடி இருந்தவன்கிட்டச் சொன்ன?"

அவன் நிமிரவே இல்லை. "போடல, பாய்" என்றான் மறுபடியும். கதவுக்கு வெளியே படிக்கட்டில் அவன் மனைவி சரிதா கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். காண்ட்ராக்டர் வைத்திருக்கிற கேன்டீனில் அவளுக்கு வேலை போட்டுத் தந்து பதினைந்து நாள் ஆகிறது என்று செருப்புக் கடைக்காரர் காலையில் சொன்னது நிஜாமுதீனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன்மேல் கோபம் வரவில்லை, வரவும் முடியாது. அவன் காலை எடுத்தது யார் ஓட்டிய வண்டி?

சிவசங்கர் படியிறங்கிப் போகும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு மேஜையில் கையை ஊன்றி எழுந்தார்.

"சார், எழுதிக்கங்க. நான் லீவர் போட்டேன். போட்டும் பிரயோஜனம் இல்ல. அந்த வண்டில முன் ஷாஃப்ட்டே இல்ல. மாசிலயே கழட்டியாச்சு. இந்த மொதலாளி சொல்லித்தான் கழட்டினோம்."

தெய்வசிகாமணிக்கு ஒரு முடிகூட அசையவில்லை. வருத்தமாகச் சிரித்தார். "நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. வண்டி கீழதான் நிக்குது சார், வந்து பாத்துடுங்க."

கடைக்குப் பின்னால் அதே ஜீப் நின்றிருந்தது. நசுங்கின கதவை மாற்றி, கழுவி, துடைத்து, மாப்பிள்ளை வண்டி போல. வக்கீல் குனிந்து பார்த்தார். முன் ஷாஃப்ட் இருந்தது. மாடசாமி ஏறி உட்கார்ந்து லீவரைப் போட்டு, அங்கே வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் மேட்டில் வண்டியை விட்டான். நாலு சக்கரமும் கடித்துக்கொண்டு ஏறின. வக்கீல் எழுதிக்கொண்டார்.

"போல்ட்டப் பாருங்க சார், நாலும் புதுசு! அடியில எல்லாம் களிமண்ணுக் கறை இருக்கு, ஷாஃப்ட்டுல ஒரு பொட்டு இருக்கா?" நிஜாமுதீன் முட்டி போட்டு, வண்டி கழுவிய தண்ணீரில் ஈரமாகிக் கிடந்த தரையில் படுத்தே காட்டினார். வெளுத்த சட்டை முதுகெல்லாம் சேறாயிற்று.

"வண்டிய கழுவினோம்ல, பாய்" என்றான் மாடசாமி.

"சரி, இந்த வண்டிய வுடுங்க. மத்த மூணு வண்டியப் பாருங்க! அதுல ஒண்ணுலயும் ஷாஃப்ட் இருக்காது. அத எப்படி மறைப்பீங்க?"

மறைப்பார்கள் என்று நினைத்தார். யாரும் மறைக்கவில்லை. தெய்வசிகாமணி வக்கீல் பக்கம் திரும்பி, ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைச் சொல்கிறவர் மாதிரிக் குரலைத் தாழ்த்தினார்.

"அதான் சார் நானும் சொல்ல வந்தேன். மூணு வண்டில ஷாஃப்ட் காணோம். திருடு போயிருக்கு. பழகின ஆளாச்சேன்னு போலீசுக்குப் போகல." நிஜாமுதீனைப் பார்த்தார். "அது எங்க இருக்குன்னு நீயே சொல்லிடு, பாய்."

குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்த கதை. நிஜாமுதீனுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. விபத்து நடந்த அன்று, அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, மாடசாமி வீட்டுக்கு வந்து ஒரே ஒரு ஷாஃப்டை மட்டும் வாங்கிப் போயிருந்தான். மனைவி ஃபௌசியா அன்று சாயங்காலமே சொன்னாள். எல்லாவற்றையும் எடுத்துப்போகாமல் ஒன்றை மட்டும் ஏன் எடுத்தான் என்று அந்த வலியில் அவர் யோசிக்கவில்லை. மீதி மூன்றையும் எதற்காக விட்டு வைத்தார்கள் என்று இப்போது தெரிகிறது. நாற்பது நாளில் ஒரு நாள் எழுந்துபோய் அந்தச் சாக்கைக் கொண்டுவந்து ஷெட் வாசலில் போட்டிருக்கலாம். நம்பிக்கையாகக் கொடுத்ததைக் கேட்காமல் எப்படித் திருப்பிக் கொண்டுபோவது என்று இருந்துவிட்டார்.

"எங்க இருக்கு?" என்றார் வக்கீல்.

"எங்க வூட்டுல" என்றார் நிஜாமுதீன்.

நாலு பேரும் அந்த ஜீப்பிலேயே ஏறி வந்தார்கள். மாடசாமி ஓட்டினான். மூன்று தெரு தாண்டினால் வீடு. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு ஃபௌசியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். முதலாளியே வீடு தேடி வந்திருக்கிறார், கூடக் கோப்போடு ஒரு பெரிய மனுஷர். நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க, வாங்க. விசாரண முடிஞ்சிடுச்சா? அல்லாஹ் காப்பாத்தினான். உக்காருங்க, டீ போடறேன்."

"இருக்கட்டும்மா. எங்க ஷாஃப்ட்டு இங்க இருக்காமே?" என்றார் தெய்வசிகாமணி.

"இருக்குங்க, பத்திரமா இருக்கு!" கொல்லைக்கு அவளே முன்னால் நடந்தாள். நிஜாமுதீன், "ஃபௌசியா, இரு" என்றார். அவள் காதில் விழவில்லை. கோழிக் கூண்டை அவளே நகர்த்தி, சாக்கை விரித்துக் காட்டினாள். மூன்று ஷாஃப்டும் பளபளவென்று கிடந்தன. "இரும்பாச்சே, மழைக்குத் துரு புடிச்சா இவரு பேருதான கெடும்? மாசத்துக்கு ஒருதரம் எண்ண போட்டுத் துடைச்சிகினு வரேன். ஒரு பொட்டு துரு இருந்தா கேளுங்க."

வக்கீல் நின்றபடியே எழுதினார். எழுதியதைச் சத்தமாகவும் படித்தார்: "மூன்று ஷாஃப்ட்கள், வீட்டுக் கொல்லையில் சாக்கில் மறைத்து வைக்கப்பட்டவை. எண்ணெய் தடவி, விற்பனைக்குத் தயார் நிலையில்."

ஃபௌசியாவுக்கு விற்பனை என்ற சொல் புரியவில்லையா, புரிந்தும் நம்ப முடியவில்லையா, தெரியாது. புருஷனின் முதுகுச் சேற்றைப் பார்த்தாள். தெய்வசிகாமணியைப் பார்த்தாள். மாடசாமியைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"எழுதறீங்களா? அப்ப நாலாவதையும் எழுதிக்கங்க, சார். வண்டி கவுந்த அன்னைக்கு மத்தியானம் இதோ இந்த மாடசாமி அண்ணன்தான் ஒண்ண வாங்கினு போனாரு. ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கன்னேன். 'நமக்குள்ள எதுக்கும்மா'ன்னுட்டாரு. சொல்லுங்கண்ணே."

மாடசாமி கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றான். வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார்.

"ஏங்க, அவரு எழுதலியே" என்றாள் ஃபௌசியா. "நீங்க சொல்லுங்களேன்."

"சொல்லியாச்சு" என்றார் நிஜாமுதீன்.

"பாஸ குடுத்துடு, பாய்" என்று தெய்வசிகாமணி கையை நீட்டினார். "போலீசு கீலீசுன்னு நான் போகல. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்." நிஜாமுதீன் கழுத்தில் தொங்கிய பாஸைக் கழற்றிக் கொடுத்தார். ஃபௌசியா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே கூண்டுமேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஷாஃப்ட் கனம். மாடசாமி ஒன்றைத் தூக்கித் தடுமாறினான். "பாய், கொஞ்சம் ஒரு கை குடு." பழகின கை, நிஜாமுதீன் குனிந்து தூக்கினார். மூன்றையும் அவரேதான் ஜீப்பின் பின்னால் அடுக்கினார், ஒன்றோடு ஒன்று உரசாமல் நடுவே சாக்கு வைத்து.

வண்டி கிளம்பியது. நாலு நாளாக மழை இல்லை, தெருவில் தார் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. பள்ளிவாசல் முக்கில் திரும்பும்போது டயர் கிறீச்சென்று கத்தியது. ஸ்டீரிங்கைத் திருப்ப மாடசாமி தோளைக் குலுக்கிப் பாடுபடுவது இங்கிருந்தே தெரிந்தது. மணல் மேட்டில் போட்ட லீவரை அவன் எடுக்கவே இல்லை; வரும்போது இருந்த மனசில் நிஜாமுதீனும் அதைக் கவனிக்கவில்லை. அடியில் கியர் பெட்டி முனகுகிற சத்தம் வேறு யார் காதுக்கும் கேட்டிருக்காது, நிஜாமுதீனுக்குக் கேட்டது.

ரெண்டடி ஓடி, கையைத் தூக்கி, வாயையும் திறந்துவிட்டார். பத்தடி ரிவர்ஸ் போனால் போதும், தானாக விட்டுவிடும்.

சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.